சோளத்தட்டை

போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். உறவில் பெரியம்மா முறை ஆகிற ஒருவர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "பாப்பாவோட கண்ணு விஷயத்த எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கியாமே தாயி. வேண்டாம்டா. நாளைக்கு அவள ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்ல" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னார். என் மகள் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து மூன்று நாள் எங்களோடு தரையில் படுத்திருந்தவர் அவர். அதனாலேயே பதில் பேச வாய் வரவில்லை. "சரி பெரியம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தச் "சரி" அன்றிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. சரியில்லை என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சரியில்லை என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் மகளுக்கு இடது கண் இல்லை. பதினேழு மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்துவிட்டார்கள். ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரையில் வரும் புற்றுநோய். பதினைந்தாயிரம், இருபதாயிரம் பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருவது. கேட்க அபூர்வமாகத் தெரியும். ஆனால் நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் கணக்குக்கு, ஆண்டுக்கு 1,500 குழந்தைகளுக்காவது வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் லேசரும் மருந்துமாகக் கண்ணையே காப்பாற்றிவிடலாம். கொஞ்சம் பிந்தினால் கண் போகும், உயிர் நிற்கும். இன்னும் பிந்தினால் கட்டி கண் நரம்பு வழியாக மூளைப் பக்கம் போய்விடும். வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த நூறு பிள்ளைகளில் 95 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். மருத்துவத்தில் புற்றுநோய்க்கு இவ்வளவு நல்ல கணக்கு அபூர்வம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாமல் போவதற்குப் பெரிய காரணம், மருத்துவரிடம் வந்து சேரும் நேரம்தான்.

எங்களுக்கும் நேரம் போனது. 2017 டிசம்பரில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். அன்றைக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் அவளுடைய வலது கண்ணின் பாப்பா சிவப்பாகவும், இடது கண்ணின் பாப்பா சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாகவும் விழுந்திருந்தன. அம்மா அதற்கு முன்பே சொல்லியிருந்தார், "சாயந்தரம் லைட்டு போட்டதும் புள்ளைக்கு ஒரு கண்ணு பூனக்கண்ணு மாதிரி மின்னுதுடி" என்று. பக்கத்து ஊரில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டினோம். மாறுகண் என்றார், மூன்று வயதில் கண்ணாடி போட்டால் நேராகிவிடும் என்றார். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் பாப்பாவை விரிய வைத்து உள்ளே பார்க்கவில்லை. பதினொரு வாரம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். செவிலியராக வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பதினொன்றரை மணிக்கு அழைத்தாள். அவள் குரலில் தூக்கம் இல்லை. "நாளைக்கே சென்னைக்குக் கிளம்பு" என்றாள். உங்கள் வீட்டுக் குழந்தையின் ஃபிளாஷ் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் திரும்பத் திரும்ப விழுந்தால், தயவுசெய்து அடுத்த நாளே கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்து விட்டு உள்ளே பாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள். வேறு காரணமாகவும் இருக்கலாம், கேமரா கோணமாகவும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், பார்த்துவிட்டு வாருங்கள்.

யாருக்கும் இல்லை

சென்னையில் முதல் நாளே ஒரு படிவத்தை நிரப்பினார்கள். மரபியல் ஆலோசகர் ஒரு சின்னப் பெண், என்னைவிட இளையவள். வெள்ளைத் தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று போட்டு, கோடு இழுத்துக்கொண்டே கேட்டாள். குழந்தை, அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள், அவர்களுடன் பிறந்தவர்கள். "குடும்பத்துல யாருக்காவது கண்ணுல கட்டி, கண்ணு எடுத்தது, சின்ன வயசுல புற்றுநோய், அப்படி ஏதாவது இருக்காங்க மேடம்?" நான் யோசித்துத்தான் சொன்னேன். "யாருக்கும் இல்லைங்க." அவள் எழுதிக்கொண்டாள். அறைக்கு வெளியே நீல நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மடியில் என் மகளின் பால் பாட்டிலை வைத்துக்கொண்டு, என் அப்பா உட்கார்ந்திருந்தார்.

நான் மறைக்கவில்லை. இதை யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் சத்தியமாக மறைக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு கண் இல்லை என்பது எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தெரியும். மூன்று வயதில் காட்டில் விளையாடும்போது சோளத்தட்டை குத்திப் போய்விட்டது. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பத்தா சொல்லும், அத்தைகள் சொல்வார்கள், ஊரே சொல்லும். கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு இது நம்ப முடியாத கதையே இல்லை. அறுத்த சோளத்தின் அடிக்கட்டை சாய்வாக வெட்டுப்பட்டு ஈட்டி மாதிரி நிற்கும். ஓடுகிற பிள்ளை தடுக்கி விழுந்தால் எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது. அது விபத்து. விபத்தை நோய்க் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? அந்தப் பெண் கேட்டது "கண்ணு எடுத்தது" என்று. அந்தச் சொல் என் காதில் விழுந்தும் அப்பாவைத் தொடவில்லை. ஒரு கதையை அறுபது வருடம் ஒரே மாதிரி சொன்னால், அது கேட்பவருடைய காதையும் சேர்த்து அடைத்துவிடும் போலிருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் பெற்றோர் இரண்டு பேருடைய கண்களையும் பார்க்க வேண்டும் என்றார்கள். வழக்கம்தான் என்றார்கள். என் கணவருக்குப் பார்த்து முடித்துவிட்டு எனக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் வில்லையைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா குனிந்தார். மேலே பாருங்க, கீழே பாருங்க, இடது பக்கம் பாருங்க. வலது கண்ணில் ஓரிடத்துக்கு வந்ததும் நின்றார். திரும்ப அதே இடத்தைப் பார்த்தார். அப்புறம் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். என் வலது விழித்திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில், நடுவில் சுண்ணாம்பு படிந்த மாதிரி ஒரு மேடு இருந்தது. ரெட்டினோமா என்று பெயர். என் மகளுக்கு வந்த அதே வழியில் எனக்கும் ஏதோ தொடங்கி, தானாகவே பாதியில் நின்று, பல வருடங்களுக்கு முன்பே ஓய்ந்துபோனது. முப்பத்திரண்டு வயது வரை அந்தக் கண்ணால்தான் படித்தேன், ஊசியில் நூல் கோத்தேன், வண்டி ஓட்டினேன்.

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கேட்டார். "உங்க பக்கத்துல யாருக்காவது கண்ணுல பிரச்சினை இருந்திருக்காம்மா?" நான் சொல்லத் தொடங்கினேன். "இல்ல டாக்டர், எங்க அப்பாவுக்கு மட்டும் ஒரு கண்ணு சின்ன வயசுல சோளத்தட்டை…" அதற்கு மேல் வாய் வரவில்லை. முப்பது வருடமாக நூறு பேரிடம் சொன்ன வாக்கியம் அது. அன்றைக்குத்தான் முதன்முதலாக என் காதிலேயே விழுந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்பா வந்திருக்காரா?" என்றார்.

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். "எத்தனை வயசுலங்க ஐயா கண்ணு போச்சு?" "மூணு." "எப்படி?" அப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை இப்போதும் மறக்கவில்லை. எதிரில் இருப்பது மகளா, மருமகனா, டாக்டரா என்று பிரித்துப் பார்க்க முடியாத பார்வை. அப்புறம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சோளத்தட்டை குத்தலங்கம்மா. கட்டின்னு சொல்லி மதுரை பெரியாஸ்பத்திரியில எடுத்தாங்க. 1956-ல" என்றார்.

இரண்டு புரிக் கயிறு

நோயின் கணக்கு எனக்கு அந்த வாரம்தான் புரிய ஆரம்பித்தது. நான் புரிந்துகொண்ட விதத்திலேயே சொல்கிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 13-ஆம் குரோமோசோமில் ஆர்.பி.1 என்று ஒரு மரபணு இருக்கிறது. செல் அளவு மீறிப் பெருகாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி. கிணற்றுக் கயிறு இரண்டு புரி முறுக்கினது மாதிரி. ஒரு புரி அறுந்தாலும் இன்னொன்று வாளியைத் தாங்கும். எந்தக் குழந்தைக்கும் ஏதாவது ஒரு விழித்திரைச் செல்லில் இரண்டு புரியும் தற்செயலாக அறுந்துபோகலாம். அது அபூர்வத்திலும் அபூர்வம், வந்தால் ஒரு கண்ணில் ஒரு கட்டியோடு போகும். அந்தப் பிள்ளையோடு அது முடிந்தது, வம்சத்துக்குப் போகாது. ஆனால் சில குழந்தைகள் பிறக்கும்போதே உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரு புரி அறுந்தே பிறக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு புரிதான். வளரும் விழித்திரையில் லட்சக்கணக்கான செல்கள் பெருகும்போது அதில் ஏதாவது ஒன்றில் அந்த இரண்டாவது புரியும் போவதற்கு வாய்ப்பு மிக அதிகம். அதனால்தான் அவர்களுக்குச் சீக்கிரமே வருகிறது, இரண்டு கண்ணிலும் வருகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் நட்சன் என்ற குழந்தை மருத்துவர். 1971-ல். இந்த மரபணு எது என்றே யாருக்கும் தெரியாத காலம் அது. ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த 48 குழந்தைகளின் பழைய ஏடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வயதில் வந்தது, ஒரு கண்ணா இரண்டு கண்ணா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கணக்குப் போட்டே இரண்டு அடி விழ வேண்டும், அதாவது இரண்டு புரியும் அறுபட வேண்டும் என்று சொன்னார். மரபணுவைக் கையில் எடுத்துக் காட்டப் பதினைந்து வருடம் ஆனது, 1986-ல். நட்சனைப் பற்றிப் படித்தபோது என்னைத் தொட்டது அவருடைய கணக்கு இல்லை, அந்த மூன்றாவது கேள்விதான். வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? அந்த 48 குடும்பங்களில் ஒவ்வொருவரும் சோளத்தட்டை என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?

இன்னொரு விஷயம். பழைய காலத்தில் இந்த நோய் வம்ச வழி வரும் என்றே யாருக்கும் தெரியாது. தெரிய வழியும் இல்லை, ஏனென்றால் வந்த பிள்ளை பெரியவனாகி ஒரு பிள்ளை பெறும் வரை உயிரோடு இருந்ததில்லை. பிரேசில் நாட்டில் ஹிலாரியோ டி கோவேயா என்ற கண் மருத்துவர் 1872-ல் ஒரு சிறுவனுக்குக் கண்ணை எடுத்துக் காப்பாற்றினார். அவன் வளர்ந்தான், கல்யாணம் செய்தான். அவனுடைய பெண் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அதே நோய் வந்தது. ஒரு குழந்தை பிழைத்ததால்தான் இது பரம்பரையாக வருவது என்று உலகத்துக்குத் தெரிந்தது. 1956-ல் மதுரையில் என் அப்பாவுக்குக் கண்ணை எடுத்த அந்த டாக்டர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவர் இல்லாவிட்டால் நான் இல்லை. என் மகளும் இல்லை.

புரி அறுந்தவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையா மாதிரி. முதல் பிள்ளைக்குப் போய்விட்டது, அதனால் இரண்டாவதற்கு வராது என்றெல்லாம் இல்லை, ஒவ்வொரு பிரசவத்திலும் புதிதாகச் சுண்டுகிற காசு அது. பொதுவாக அந்தப் புரி அறுந்து பிறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கட்டி வந்துவிடும். எங்கள் குடும்பத்தில் இருப்பது வேகம் குறைந்த வகை மரபணு மாற்றம் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அதனால்தான் அப்பாவுக்கு ஒரு கண்ணோடு நின்றது, எனக்குத் தழும்போடு நின்றது.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன்தான். டாக்டரம்மாவிடம் இதைத்தான் முதலில் கேட்டேன், பயந்துகொண்டேதான் கேட்டேன். இல்லை என்றார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தால் மட்டும் வருகிற நோய்களுக்குச் சொந்தத் திருமணம் காரணமாகலாம், அவை வேறு. இது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். நான் அமெரிக்காவில் போய் ஒரு வெள்ளைக்காரரைக் கட்டியிருந்தாலும் இதே பாதிக்குப் பாதிதான். அதைக் கேட்டபோது என் மாமியார், அதாவது என் மாமன் மனைவி, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அது வரைக்கும் அந்தப் பழியை அவரும் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குடும்ப வழி வருகிற புற்று இது ஒன்று மட்டும் இல்லை. 1969-ல் ஃபிரெடரிக் லீ, ஜோசப் ஃப்ராமெனி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தசையில் வரும் ஒரு அபூர்வமான குழந்தைப் புற்றைப் பற்றி ஆராயப் போய், நான்கு குடும்பங்களைக் கண்டார்கள். குழந்தைக்குத் தசைக் கட்டி, கூடப் பிறந்ததற்கோ சித்தப்பா பிள்ளைக்கோ இன்னொரு கட்டி, இளம் தாய்க்கு மார்பகப் புற்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாவுகள். அந்தக் குடும்பங்களில் பழுதாகியிருந்த மரபணு டி.பி.53 என்பது 1990-ல்தான் தெரிந்தது. நம் ஊரிலும் அப்படி எத்தனை வீடுகளில், அது வேறு இது வேறு என்று தனித்தனியாகப் புதைத்திருப்போமோ. மூடி வைக்காதவர்களும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை புற்றுநோயில் இறந்ததை மூடி வைக்கவில்லை. அந்தச் சாவைச் சொல்லிச் சொல்லியே 1954-ல் அடையாறில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார்.

அப்பா கற்றுக்கொடுத்தது

நான் அப்பாவோடு பத்தொன்பது நாள் பேசவில்லை. கோபம் என்று ஒரு சொல்லில் அடக்க முடியாது. அவர் சொல்லியிருந்தால் என் மகளைப் பிறந்த வாரமே பார்த்திருப்பார்கள். அப்புறம் சில வாரங்களுக்கு ஒரு தடவை மயக்க மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். மிளகு அளவில் இருக்கும்போதே லேசரில் சுட்டிருப்பார்கள். இடது கண் இன்றைக்கு இருந்திருக்கும். இதை டாக்டரம்மாவிடம் அப்பாவே கேட்டார், நான் பக்கத்தில் இருக்கும்போதே. அவர் பொய் சொல்லவில்லை. "வாய்ப்பு இருந்திருக்கும் ஐயா" என்றார். "ஆனா இது வம்சத்துக்கு வரும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றும் சொன்னார். அது உண்மை. அப்பாவிடம் தாத்தா சொன்னது இரண்டே விஷயம். கட்டி என்று எடுத்தார்கள். யார் கேட்டாலும் சோளத்தட்டை என்று சொல். 1982-ல் அப்பாவுக்குப் பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி சொல்லியிருக்கிறார். காயம்பட்ட கண்ணுக்குப் பெண் கொடுப்பார்கள், நோய் வந்த கண்ணுக்குக் கொடுக்க மாட்டார்கள். காயம் வம்சத்துக்கு வராது இல்லையா.

பத்தொன்பதாம் நாள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம் கழித்து மகளுக்குச் செயற்கைக் கண் பொருத்துவார்கள், அது வரைக்கும் கண்குழி சுருங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் ஓடு வைத்திருந்தார்கள். அதை நழுவாமல் பார்த்துக்கொள்வது, நழுவினால் கழுவி மறுபடி வைப்பது எல்லாம் நான்தான் செய்ய வேண்டும். எனக்குக் கை நடுங்கும். முந்தின நாள் நழுவியபோது வைக்க முடியாமல் நானும் குழந்தையும் ஒரு மணி நேரம் அழுதோம், கடைசியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். அம்மா அதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா வந்ததும் ஒன்றும் பேசாமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் ஒரு கிண்ணத்தில் கேட்டார். சுத்தமான வெள்ளைத் துணி ஒன்று. அப்புறம் ஜன்னல் பக்கம் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

முப்பத்தாறு வருடமாகக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு செய்த வேலை அது. அம்மாவே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாராம். ஆள்காட்டி விரலால் கீழ் இமையை மெல்ல இழுத்து, கட்டைவிரலைக் கண்ணின் ஓரத்தில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். கண் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நான் பந்து மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது சிப்பி மாதிரி, மெல்லிசாக, உள்பக்கம் குழிந்து இருந்தது. விளிம்பு ஓரமெல்லாம் தேய்ந்து மங்கியிருந்தது. "மேல் இமைதான் முதல்ல. இத இப்படி மேல தூக்கி, அடியில சொருகணும். அப்புறம் கீழ் இமைய இழுத்து விட்டா தானா உட்காந்துக்கும். வலிக்காதும்மா. பயந்து மெதுவா செஞ்சாதான் உறுத்தும்" என்றார். மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்துக் காட்டினார். நான்காவது தடவை என் கையைப் பிடித்து என்னையே வைக்கச் சொன்னார். என் அப்பாவின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் குழி வெறும் இளஞ்சிவப்பாக, குழந்தையின் ஈறு மாதிரி இருந்தது. பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. என் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்தச் சிப்பிக் கண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு அவளுக்கென்றே செய்த கண் வந்தது. செய்தவர் வலது கண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டினார். வெள்ளை விழியில் ஓடும் ரத்த நாளங்களுக்கு மெல்லிய சிவப்பு நூலைப் பிரித்து ஒட்டினார். இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள், தானே கழற்றித் தானே கழுவிக்கொள்கிறாள். பள்ளியில் யாராவது கேட்டால், "குட்டியா இருக்கும்போது கண்ணுல கேன்சர் வந்துச்சு, எடுத்துட்டாங்க" என்கிறாள். ஒரு நாள் தெருப் பிள்ளை ஒன்றிடம் திண்ணையில் உட்கார்ந்து அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பேப்பரைத் தாழ்த்திவிட்டு அவள் சொல்லி முடிக்கும் வரை அப்படியே இருந்தார்.

அவளுக்கு இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது. புரி அறுந்தது உடம்பு முழுக்க இருப்பதால் பெரியவளாகும்போது எலும்பிலோ தசையிலோ வேறு கட்டி வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். தேவையில்லாமல் கதிர்வீச்சு படக் கூடாது, அவசியமில்லாத ஸ்கேன் எடுக்கக் கூடாது. வளரும் வயதில் கால் வலிக்கிறது என்று சொன்னால் வளர்கிற வலி என்று விட்டுவிடக் கூடாது. இதையெல்லாம் நாளைக்கு அவளைக் கட்டுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டாமா, பெரியம்மா? அவள் வலி என்று சொல்லும்போது பக்கத்தில் இருக்கப் போகிறவன் அவன்தானே.

பெரியத்தை

குடும்பத்தில் ஒருவருக்கு மரபணு மாற்றம் எதுவென்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்குப் பார்ப்பது சுலபம். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது, ஒரு குழாய் ரத்தம் போதும். என் தம்பி மனைவி அப்போது ஆறு மாதம். "வயித்துப் புள்ளக்காரிகிட்ட இதப் போய் சொல்லாத, பேறு காலம் முடியட்டும்" என்றார் அம்மா. நான் தம்பியிடம் சொன்னேன். ஐந்து வாரம் கழித்து அவனுக்கு இல்லை என்று வந்தது. அவனுக்கு இல்லையென்றால் அவன் பிள்ளைக்கும் இல்லை. ஒரு பரிசோதனைகூட வேண்டாம். இந்த நல்ல செய்தியும் கேட்டால்தான் கிடைக்கும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். பாதிக்குப் பாதி என்றால் பாதிப் பேர் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம்.

கஷ்டமாக இருந்தது அப்பாவின் அக்கா வழியில்தான். பெரியத்தைக்கு முதலில் ஒரு மகன் பிறந்து இறந்துவிட்டான் என்று தெரியும், எதனால் என்று தெரியாது. காய்ச்சல் என்று ஒருவர், சாமிக் குற்றம் என்று ஒருவர். அப்பாதான் இப்போது சொன்னார், அந்தப் பிள்ளைக்குக் கண் பிதுங்கி வெளியே தள்ளியிருந்தது என்று. அப்படியானால் பெரியத்தைக்கும் இது இருக்கிறது. அவர் மகளுக்கு, என் மதினிக்கு, இருக்கலாம். மதினியின் மகளுக்கும் இருக்கலாம். மதினியிடம் போய்ச் சொன்னேன். 2022-ல், அந்தப் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "நீ ஒருத்தி ரத்தம் குடுத்தாப் போதும் மதினி, உனக்கு இல்லைன்னா அதோட முடிஞ்சது" என்றேன். மதினி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, "இந்தப் பேச்ச இத்தோட விட்டுரு. எம் பொண்ணு காதுக்குப் போச்சுன்னா நமக்குள்ள ஒண்ணுமில்ல" என்றாள். ஆலோசகர் பெண்ணிடம் கேட்டேன். "நீங்க சொல்லத்தான் முடியும் மேடம், தெரிஞ்சுக்கிறதும் வேண்டாம்னு சொல்றதும் அவங்க உரிமை" என்றாள். மதினியின் உரிமை சரி. அந்தப் பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது. அவளுடைய உரிமை யார் கையில் இருந்தது? இதற்கு எனக்கு இன்றைக்கும் விடை இல்லை. நான் அவளிடம் சொல்லவில்லை. கல்யாணத்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்தேன். அப்பா செய்ததைத்தான் நானும் செய்தேன்.

அடுத்த வருடம் ஒரு நாள் அவளே அழைத்தாள். "அத்தை, எனக்கு மூணு மாசம். அம்மாச்சி எல்லாத்தையும் சொல்லிருச்சு. எங்க போயி டெஸ்ட் எடுக்கணும்?" அவள் பரிசோதனையில் என்ன வந்தது என்பது அவளுடைய செய்தி, அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் பெரியத்தை சொல்லியிருக்கிறார். நான்கு வகுப்பு படித்த, எழுபத்துநான்கு வயதுப் பெரியத்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். ஆலோசகர் போட்டுக் கொடுத்த அந்தப் படத்தின் நகலை எடுத்துப் போயிருந்தேன். இப்போது அதில் நிறைய கறுப்பு. அப்பாவின் கட்டம் கறுப்பு, என் மகளின் வட்டம் கறுப்பு, என் வட்டத்தில் பாதி. பெரியத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கட்டிலில் விரித்து வைத்து ஒவ்வொன்றாக யாரென்று கேட்டார். சொன்னேன். "அப்ப எல்லாருக்கும் எங்க ஆத்தா அப்பன் வழியாத்தான் வந்துருக்கு, இல்ல? நான் செஞ்ச பாவமில்ல?" என்றார். பாவம் இல்லை அத்தை என்றேன். ஐம்பது வருடத்துக்கு முன்னால் மாமியார் வீட்டில் தன்னை என்ன சொன்னார்கள் என்று ஒன்றிரண்டு சொன்னார், மிச்சத்தை விட்டுவிட்டார். அப்புறம் அவருக்குக் கீழே குறுக்குக் கோடு போட்ட ஒரு கறுப்புக் கட்டத்தில் விரலை வைத்தார். "இவன்தானா?" "ஆமாத்தை." கட்டத்துக்குப் பக்கத்தில் ஆலோசகர் 1971 என்றும், 3 வயது என்றும் எழுதியிருந்தாள். அப்பா உத்தேசமாகச் சொன்னது. பெரியத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மூணு ஆகல. ரெண்டே முக்கா. மாசியில போனான். பேனா இருந்தா மாத்திப் போடு" என்றார்.